எலும்பைக் கரைக்கும் செல்... சாவி யார் கையில்?

'வயசாயிடுச்சு, இடுப்பு வளையத்தான் செய்யும்' என்று சொல்லி நம் வீட்டுப் பெண்களின் கூன் முதுகை அலட்சியம் செய்கிறோம். ஆனால், அந்தக் கூனுக்குப் பின்னால் நம் எலும்புக்குள் நடக்கும் ஒரு பேரம் இருக்கிறது. ஒரு சாவி, ஒரு பூட்டு, ஒரு பொய்ப் பூட்டு... இந்த மூன்றும்தான் எலும்பின் தலைவிதியை எழுதுகின்றன!

எலும்பு என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? கல் மாதிரி, கட்டை மாதிரி, உயிரில்லாத ஒரு பொருள். அப்படித்தானே? பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நமக்கு அந்த நினைப்பு ஊறிப்போய்விட்டது.

உண்மை அதுவல்ல. எலும்பு, தோலைப் போல, ரத்தத்தைப் போல உயிருள்ள பொருள். இந்த வரியை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் உடம்பில் பல லட்சம் இடங்களில் பழைய எலும்பு கரைக்கப்பட்டுக்கொண்டும், புது எலும்பு பூசப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. ஒரு வருடத்தில் நம் எலும்பில் ஏறக்குறைய 10 சதவீதம் புதிதாகிவிடுகிறது. அதாவது, பத்து வருடத்துக்கு முன்னால் உங்களைத் தாங்கிய எலும்பு வேறு, இன்று தாங்குகிற எலும்பு வேறு!

சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு என்று சொல்லுவோம். அதில் ஐந்தாவது என்பு, அதாவது எலும்பு. ஆறாவது மூளை, இங்கே மூளை என்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையும் குறிக்கும். என்பையும் மூளையையும் அடுத்தடுத்து வைத்தார்கள் முன்னோர்கள். இன்றைய விஞ்ஞானமும், எலும்பைக் கரைக்கும் செல்கள் மஜ்ஜையிலிருந்துதான் புறப்படுகின்றன என்று சொல்கிறது.

இடிக்கிற ஆள், கட்டுகிற ஆள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது என்ன செய்கிறோம்? முதலில் உளுத்த சுவரை இடிக்க ஆள் வருகிறான். பிறகு கொத்தனார் வந்து புதுச் சுவர் எழுப்புகிறார். எலும்பிலும் அதே வேலைதான்.

இடிக்கிற ஆளுக்குப் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். 1873-ம் ஆண்டிலேயே கோலிக்கர் என்ற விஞ்ஞானி மைக்ராஸ்கோப்பில் பார்த்து வைத்த பெயர் இது. கட்டுகிற கொத்தனாருக்குப் பெயர் ஆஸ்டியோபிளாஸ்ட். பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. 'கரைக்கும் செல்', 'கட்டும் செல்' என்றே வைத்துக்கொள்வோம்.

கரைக்கும் செல் ஒரு தனி ஆள் அல்ல. ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட் குடும்பத்தைச் சேர்ந்த பல செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பெரிய செல்லாக ஆகிவிடுகின்றன. அதற்குள் நாலைந்து உட்கருக்கள், சில சமயம் அதற்கும் மேலே. இந்த ராட்சசன் எலும்பின் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறான். ஓரத்தைச் சுற்றிலும் இறுக்கி அடைத்துவிட்டு, நடுவில் அமிலத்தைச் சுரக்கிறான். நம் இரைப்பையில் சுரக்கிறதே, அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்! அது எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பிறகு கத்தெப்சின்-கே என்ற நொதி, மிச்சமிருக்கும் நார்ப்புரதத்தை அறுத்துத் தள்ளுகிறது.

இடிக்கும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பிக் கட்ட மூன்று நான்கு மாதம் ஆகும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடிப்பது சுலபம், கட்டுவது கஷ்டம். இடிக்கிற ஆட்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடினால்கூட, கொத்தனார் எவ்வளவு ஓடினாலும் ஈடுகொடுக்க முடியாது.

கூப்பிடுவது யார்?

இடிக்கிற ஆளைக் கூப்பிடுவது யார்? 1981-ல் ரோடன், மார்ட்டின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கருத்தைச் சொன்னார்கள். 'கட்டும் செல்தான் கரைக்கும் செல்லைக் கூப்பிடுகிறது' என்றார்கள். கேட்டவர்களுக்கு வியப்பு. கொத்தனாரே கடப்பாரைக்காரனுக்கு ஆள் அனுப்புவாரா?

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. எந்தச் சுவரை இடிக்க வேண்டும், எவ்வளவு இடிக்க வேண்டும் என்பது கட்டுகிறவருக்குத்தானே தெரியும்? 1988-ல் ஜப்பானில் சூடா என்ற பேராசிரியரின் குழு இதைக் கண்ணாடித் தட்டில் செய்து காட்டியது. மஜ்ஜை செல்களையும் கட்டும் செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கரைக்கும் செல்கள் பிறந்தன. நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்தால் பிறக்கவில்லை. ஆக, ஒன்றையொன்று தொட்டுத்தான் சேதி போகிறது. அந்தச் சேதி என்ன?

விடை கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியும், ஜப்பானில் ஒரு பால் கம்பெனியும் (ஆமாம், பால் கம்பெனிதான்!) ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே பொருளைத் தேடிக்கொண்டிருந்தன. அமெரிக்கர்கள் எலியின் குடலில் கண்டெடுத்த ஒரு புதுப் புரதத்தைச் சுண்டெலிகளில் அதிகமாகச் சுரக்க வைத்தார்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், சுண்டெலிகளின் எலும்பு வழக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தது. 1997-ல் அதற்கு 'ஆஸ்டியோபுரோட்டிஜெரின்' என்று பெயர் வைத்தார்கள். எலும்பைக் காப்பது என்று பொருள். சுருக்கமாக ஓ.பி.ஜி. அடுத்த ஆண்டே, 1998-ல், அது எதைத் தடுக்கிறது என்பதும் இரண்டு நாட்டிலும் தெரிந்துவிட்டது. அந்தப் பொருளுக்கு இன்றைய பெயர் 'ராங்க்-எல்'.

சாவி, பூட்டு, பொய்ப் பூட்டு

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ராங்க்-எல் ஒரு சாவி. கட்டும் செல் இதைத் தன் மேல் தோலில் மாட்டி வைத்திருக்கிறது. மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்லின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்குப் பெயர் 'ராங்க்'. சாவி பூட்டில் பொருந்தியதும் செல்லுக்குள் வரிசையாக மணி அடிக்கிறது. கடைசியில் 'என்ஃபாட்-சி-ஒன்' என்ற தலைமை அதிகாரி விழித்துக்கொள்கிறார். அவர் உத்தரவு போட்டால்தான் இளம் செல்கள் ஒன்றுசேர்ந்து ராட்சசனாக மாறும். சாவி இல்லை என்றால் ராட்சசன் இல்லை. 1999-ல் இந்தச் சாவியே இல்லாத சுண்டெலிகளைப் பரிசோதனைக்கூடத்தில் உண்டாக்கினார்கள். அவற்றுக்குக் கரைக்கும் செல் ஒன்றுகூட இல்லை. எலும்பு கல்லாக இறுகிப்போனது, பல்கூட முளைக்கவில்லை!

ஆக, கரைக்கும் செல்லே வேண்டாம் என்று ஒழித்துவிடவும் முடியாது. எலும்பு புதுப்பிக்கப்படாவிட்டால் அது கெட்டியாக இருக்கும், ஆனால் பழைய ஓடு மாதிரி படீரென்று உடையும். வேண்டியது ஒழிப்பு அல்ல, கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் ஓ.பி.ஜி. இதுவும் பார்க்க அந்தப் பூட்டு மாதிரியே இருக்கும். ஆனால், கதவில்லாத பூட்டு! செல்லில் மாட்டாமல் சும்மா மிதந்துகொண்டிருக்கும். சாவி இந்தப் பொய்ப் பூட்டில் போய் மாட்டிக்கொண்டால் எந்தக் கதவும் திறக்காது. சாவியைத் தயாரிப்பதும் கட்டும் செல், பொய்ப் பூட்டைத் தயாரிப்பதும் அதே கட்டும் செல். எது அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் தராசு சாய்கிறது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. கொத்தனார்களில் சிலர், தாங்கள் எழுப்பிய சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள். ஆஸ்டியோசைட் என்று பெயர். எலும்பின் மேல் எவ்வளவு பளு விழுகிறது என்று வேவு பார்ப்பது இவர்கள் வேலை. வளர்ந்தவர்களின் எலும்பில் பெரும்பாலான சாவிகளை அனுப்புவது இந்த உள்ளிருப்புக்காரர்கள்தான் என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள்.

தராசு எப்போது சாய்கிறது?

மாதவிலக்கு நிற்கும்போது: ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்வரை பொய்ப் பூட்டு தாராளமாக இருக்கும், சாவி அடங்கியிருக்கும், கரைக்கும் செல்லின் ஆயுளும் குறைவாக இருக்கும். மாதவிலக்கு நின்றதும் மூன்றும் தலைகீழ். நம் நாட்டுப் பெண்களில் பலருக்கு 46, 47 வயதிலேயே இது வந்துவிடுகிறது. அடுத்த ஐந்து முதல் பத்து வருடங்கள்தான் எலும்பு மிக வேகமாகக் கரையும் காலம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளம் வயதில் எடுத்துவிட்ட பெண்களுக்கு இந்தக் காலம் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும்.

சாப்பாட்டில் கால்சியம் குறையும்போது: ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தாங்காது. உடனே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனை அனுப்பும். அது கட்டும் செல்லிடம் போய், 'சாவியை எடு' என்று சொல்லும். எலும்பு கரைந்து ரத்தத்துக்குக் கால்சியம் வரும். நீங்கள் சாப்பிடாத பாலுக்கு, உங்கள் இடுப்பெலும்பு பில் கட்டுகிறது!

அசையாமல் இருக்கும்போது: பளு இல்லை என்றால் உள்ளிருப்புக்காரர்கள், 'இந்தச் சுவர் தேவையில்லை போலிருக்கிறது' என்று முடிவு செய்து சாவியை அனுப்பிவிடுகிறார்கள். விண்வெளி வீரர்களுக்கு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் இடுப்பெலும்பு குறைவது இதனால்தான். விழுந்ததற்காக வீட்டில் பெரியவரைப் படுக்கையிலேயே வைத்துவிட்டால், அவருக்கும் இதே கதிதான்.

மூட்டு வீங்கும்போது: முடக்குவாதத்தில் (ருமடாய்டு) வீங்கிய சவ்வும் வெள்ளணுக்களும் தாங்களே சாவிகளைத் தயாரித்து வீசுகின்றன. அதனால்தான் விரல் மூட்டு எலும்புகள் எலி கரண்டியது மாதிரி ஆகின்றன.

ஸ்டீராய்டு சாப்பிடும்போது: இதுதான் மிக மோசம். சாவி கூடுகிறது, பொய்ப் பூட்டு குறைகிறது, போதாததற்குக் கொத்தனார்களும் சாகிறார்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே எலும்பு வேகமாகக் குறைந்துவிடும்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

சித்த மருத்துவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவன் ஆவேன். ஸ்டீராய்டை யாரும் தெரிந்து சாப்பிடுவதாக நினைக்காதீர்கள். 'மூட்டு வலிக்கு நாட்டு மருந்து', 'மூன்றே நாளில் வலி பறந்து போகும்' என்று கைமாறி வரும் பெயரில்லாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலக்கும் அக்கிரமம் நடக்கிறது.

எப்படிச் சந்தேகப்படுவது? எந்த உண்மையான மூலிகை மருந்தும் பல வருட மூட்டு வலியை இரண்டே நாளில் துடைத்து எடுக்காது. அப்படி எடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். பசி தாறுமாறாகக் கூடுவது, முகம் நிலா மாதிரி உப்புவது, கன்னம் சிவப்பது, லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போவது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவது... இவையெல்லாம் அடையாளங்கள். 'டாக்டர், உடம்பு தேறிடுச்சு, பாருங்க' என்று உப்பிய முகத்தைக் காட்டிச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

முறையான சித்த மருந்தின் டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் மருந்து வாங்குங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல மாதமாக இப்படிப்பட்ட பொடியைச் சாப்பிட்டவர்கள், இதைப் படித்ததும் பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவற்றுக்கு டாக்டரே எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் இதே விதிதான். 'என் எலும்புக்கு என்ன பாதுகாப்பு?' என்று அவரிடம் கேளுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

ஊசியும் மாத்திரையும்

பொய்ப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, அதே தந்திரத்தில் மருந்து செய்யாமல் இருப்பார்களா? டெனோசுமாப் என்ற ஊசி 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. அது சாவியையே பிடித்துக்கொள்கிறது. நல்ல பலன் உண்டு.

ஆனால், ஒரு கண்டிப்பு. 'அடர்த்தி ஏறிடுச்சு, போதும்' என்று இந்த ஊசியை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஊசி வேலை செய்யும் காலத்தில் இளம் செல்கள் ஒதுங்கிக் காத்துக்கொண்டிருக்கின்றன. ராட்சசன் சிறு சிறு செல்களாகப் பிரிந்து, வேண்டும்போது மறுபடி ஒன்று சேர்வதை 2021-ல் சுண்டெலிகளில் பார்த்தார்கள். சாவி விடுபட்டதும் அத்தனையும் ஒரே மூச்சில் வேலையில் இறங்குகின்றன. ஏறிய அடர்த்தி இறங்குவதோடு, சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குவதும் உண்டு. நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்தைத் தொடர்ந்துதான் நிறுத்துவார்கள். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த ஊசி அவர்களுக்கு ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை வேறு வகை. அது எலும்பில் படிந்திருந்து, கரைக்க வரும் செல்லையே முடக்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது; விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். எந்த மருந்தாக இருந்தாலும், பல் பிடுங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரண்டை என்ன செய்யும்?

'வஜ்ஜிரவல்லின்னு சொல்றாங்களே டாக்டர், பிரண்டை சாப்பிட்டா போதாதா?' என்று கேட்காதவர்களே இல்லை. பிரண்டை நல்ல மூலிகைதான். 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பா, பிரசாத் இருவரும், பிரண்டை கொடுத்த விலங்குகளில் எலும்பு முறிவு சீக்கிரம் கூடுவதைப் பதிவு செய்தார்கள். அதுவும் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து எலும்பு கூடும் வேகத்தைக் குறைத்த விலங்குகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை.

ஆனால், முறிவு கூடுவது வேறு. மாதவிலக்கு நின்ற பெண்ணின் எலும்பு வருடக்கணக்கில் கரைவதைத் தடுப்பது வேறு. ஏற்கெனவே ஒரு முறை எலும்பு முறிந்தவர், பிரண்டையை மட்டும் நம்பி மருந்தை விடுவது சரியல்ல. வாரத்தில் ஓரிரு நாள் இளம் பிரண்டையை நார் எடுத்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையலாகச் சாப்பிடுங்கள். சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் போன்றவை சுண்ணாம்புச் சத்து கொண்டவை. கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டையும் சொல்லுங்கள்.

சாவி உங்கள் கையில்!

கால்சியம்: ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு வேளை கேழ்வரகு, முருங்கைக்கீரை, ஒரு எள்ளுருண்டை... இவை சேர்ந்தாலே ஏறக்குறைய 1000 வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பு, சிறுநீரில் கால்சியத்தை வெளியேற்றும். அளவோடு வையுங்கள்.

வெயில்: வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியம் குடலைத் தாண்டாது. விடியற்காலை இளம் வெயிலில் அது அதிகம் கிடைப்பதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், கை, முகத்தில் படும்படி இருபது நிமிடம் நில்லுங்கள். குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் மாத்திரைதான் வழி.

பளு: நடை, மாடிப்படி, எழுந்து நின்று செய்யும் வேலை. முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்கள் குனிந்து காலைத் தொடும் ஆசனங்களைச் செய்யக் கூடாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் கூடாது.

பரிசோதனை: டெக்ஸா என்ற ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்புப்புரை என்று அர்த்தம். மாதவிலக்கு சீக்கிரம் நின்றவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அம்மாவையோ மாமியாரையோ சுவரோரம் நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு உயரத்தை அளந்து பாருங்கள். இளவயதில் இருந்த உயரத்தைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால், அது வெறும் வயோதிகம் அல்ல; முதுகெலும்பு ஏதோ ஓரிடத்தில் சத்தமில்லாமல் அமுங்கியிருக்கலாம். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். கரைக்கும் செல் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. அடுத்த எலும்பு முறிவதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். அலமாரியில் இருக்கும் அந்தப் பெயரில்லாத பொட்டலத்தையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.